பிளவக்கல் தட்டில் இருந்தது

அன்று காலை ஆய்வகத்தைத் திறந்தது நான்தான். தோளில் மாட்டிய கைப்பையைக்கூட இறக்கவில்லை. நேராக இன்குபேட்டரைத் திறந்து, கறுப்புத் துணி சுற்றி வைத்திருந்த கண்ணாடித் தட்டை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் துணியை விலக்கினேன்.

"ஐயோ" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நல்லவேளை, கேட்க ஆளில்லை.

முந்தின நாள் சாயங்காலம் அந்தத் தட்டின் ஒரு ஓரத்தில் ஒரு மஞ்சள் துண்டையும், எதிர் ஓரத்தில் இன்னொரு மஞ்சள் துண்டையும் வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தேன். இரண்டுக்கும் உயிர் உண்டு. இரண்டும் இருட்டில் ஊர்ந்து வரும். ஒரே குலத்தைச் சேர்ந்தவை என்றால் தொட்டதும் கலந்து ஒரே உடம்பாகிவிடும். வேறு வேறு குலம் என்றால் தொட்டுப் பார்த்துவிட்டு விலகிக்கொள்ளும். நடுவில் ஒரு வெறும் கோடு விழும்.

என்னுடைய இரண்டும் வேறு வேறு குலம். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்தக் கோட்டை ஒரு படம் எடுத்து ஆய்வேட்டில் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. பல்கலைக்கழகம் கொடுத்த கெடு முடிந்து, அதற்கு மேல் கெஞ்சி வாங்கிய கெடுவும் முடியப்போகிற நேரம் அது.

தட்டில் கோடு இல்லை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற பேச்சே இல்லை. இரண்டும் நரம்பு நரம்பாக ஒன்றுக்குள் ஒன்று ஓடி, ஒரே மஞ்சளாகத் தட்டு முழுக்கப் படர்ந்து கிடந்தது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கைப்பை இன்னும் தோளில்தான் இருந்தது.

அப்படி எதைத்தான் வளர்த்தேன்?

நான் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்த கதையைப் போன வாரம் எழுதியதிலிருந்து, இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மா என்னை நிறுத்தி, "பட்டுப்புழுவா?" என்று கேட்டார். இல்லை என்றதும் அவருக்கு என் மேல் இருந்த மரியாதை பாதியாகக் குறைந்துவிட்டது.

பாடப் புத்தகத்தில் சளிப்பூஞ்சை என்று போட்டிருக்கும். நாங்கள் ஸ்லைம் மோல்டு என்போம். பேரில்தான் பூஞ்சை. உண்மையில் பூஞ்சையும் இல்லை, செடியும் இல்லை, பிராணியும் இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்தாலும் அது ஒரே ஒரு செல். மூளை கிடையாது, வாய் கிடையாது, கால் கிடையாது. ஆனால் நகரும், தின்னும், பிடிக்காததைக் கண்டால் ஒதுங்கும். பார்ப்பதற்கு, முட்டையின் மஞ்சள் கருவைத் தரையில் சிந்திவிட்டுத் துடைக்க மறந்த மாதிரி இருக்கும்.

முதன்முதலில் பார்ப்பவர்கள் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். நானும் சுளித்தவள்தான். பிறகு ஒரு நாள் லென்ஸ் வழியாகப் பார்த்தேன். அந்த மஞ்சள் நரம்புக்குள்ளே ஏதோ ஓடுகிறது. கொஞ்ச நேரம் முன்னால் ஓடுகிறது, நிற்கிறது, அப்படியே திரும்பிப் பின்னால் ஓடுகிறது. மறுபடி முன்னால். நான் மதியச் சாப்பாட்டை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதோடு சரி, மாட்டிக்கொண்டேன்.

வளர்ப்பது பெரிய வித்தை இல்லை. அகாரைத் தண்ணீரில் காய்ச்சித் தட்டில் ஊற்றினால் கடல்பாசி மாதிரி உறைந்து நிற்கும். அதில் சத்து எதையும் போடக்கூடாது. போட்டால் ஊரில் இருக்கிற பூசணம் எல்லாம் விருந்துக்கு வந்துவிடும். மேலே நாலைந்து ஓட்ஸ் போட்டு, வளர்ந்த தட்டிலிருந்து ஒரு சின்னத் துண்டை அகாரோடு வெட்டி வைக்க வேண்டும். துண்டை நடுவிலிருந்து எடுக்கக்கூடாது. விசிறி மாதிரி விரிந்து முன்னால் போகிற விளிம்பிலிருந்து எடுக்க வேண்டும். அங்கேதான் அது சுத்தமாக இருக்கும். பிறகு இருட்டு, ஈரம், அளவான குளிர்ச்சி. சில நாளைக்கு ஒருமுறை புதுத் தட்டுக்கு மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

நான் பாடம் நடத்திய கல்லூரி ராஜபாளையத்தில், மில்லும் ஓட்டுக் கட்டடமுமாக இருக்கிற ஒரு தெருவைத் தாண்டி இருந்தது. கிருமி போக நீராவியில் அவிக்கிற ஆட்டோகிளேவ் நான் சேர்ந்த வருடமே படுத்துவிட்டது. அதனால் அகாரையும் ஓட்ஸையும் என் வீட்டுப் பழைய பிரஷர் குக்கரில்தான் அவித்தோம். விசில் வந்தால் பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

"நாங்கள்" என்று சொல்கிறேனே, இன்னொருவர் செல்வராணி அக்கா. ஆய்வக உதவியாளர். மம்சாபுரத்திலிருந்து வருவார். வீட்டில் மாடு உண்டு. காலையில் பால் ஊற்றிவிட்டு, அந்த வாசனையோடேயே கல்லூரிக்கு வந்துவிடுவார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். நான் "அக்கா" என்பேன், அவர் "மேடம்" என்பார்.

ஒருமுறை ஒரு தட்டை டேப் ஒட்டாமல் வைத்துவிட்டுப் போய்விட்டோம். மறுநாள் அலமாரியைத் திறந்த அக்கா போட்ட சத்தத்தில் முதல்வர் அறையிலிருந்து ஆள் வந்துவிட்டது. அது மூடியைத் தாண்டி, பலகையில் ஊர்ந்து, அடுத்த அடுக்கு வரை போய் அங்கிருந்த ஓட்ஸ் டப்பாவைக் கட்டிப் பிடித்திருந்தது.

"இது திருட்டு முழி முழிக்குது மேடம். கண்ணு மட்டுந்தான் இல்ல" என்றார் அக்கா. அன்றிலிருந்து அவருக்கு அதன் மேல் ஒரு பிரியம்.

பிளவக்கல்லும் கடைச்சரக்கும்

எங்களிடம் இரண்டு குலம் இருந்தது என்றேன் அல்லவா, அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, பிள்ளைகளின் பிராக்டிகலுக்காகக் கம்பெனியிலிருந்து விலைக்கு வாங்கியது. அதை நாங்கள் கடைச்சரக்கு என்போம். மூடியில் "கடை" என்று எழுதியிருக்கும்.

இன்னொன்று எனக்குக் கிடைத்தது. ஒரு கார்த்திகை மாதம், விடாத மழை ஓய்ந்த மறுநாள், பிளவக்கல் அணைக்குக் கீழே தெரிந்தவர் மாந்தோப்புக்குப் போயிருந்தேன். ஓடைக்கரையில் மக்கிக் கிடந்த மாமரக் கட்டையின் அடியில் மஞ்சளாகப் படர்ந்திருந்தது. பட்டையோடு பெயர்த்து, டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு வீட்டுக்காரர் சாப்பிடக் கேட்டபோது அந்த டிபன் பாக்ஸை நான் கொடுக்காமல் மறைத்ததில் எங்களுக்குள் ஒரு சின்னச் சண்டை.

அடுத்த வருடம் அதே இடத்துக்குப் போனேன். கட்டையை விறகுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். சுற்றுமுற்றும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. ஆக, உலகத்தில் அந்தக் குலம் இருந்தது என் தட்டுகளில் மட்டும்தான்.

முதல் வருடமே இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தேன். நடுவில் கோடு விழுந்தது. செல்போனில் ஒரு படம் எடுத்தேன். கலங்கலான படம். அப்போது அது போதும் என்று தோன்றியது.

பிளவக்கல்காரி வெயில் தாங்குவாள். இன்குபேட்டரில் சூட்டை ஏற்றினால் கடைச்சரக்கு சுருண்டுவிடும், இவள் அசையாமல் நிற்பாள். எங்கள் ஊர் வெயிலில் வளர்ந்தவள் ஆயிற்றே என்று எனக்கு ஒரே பெருமை. ஆய்வின் அடிப்படையே அதுதான்.

ஆனால் மூன்றாம் வருடத்திலிருந்து ஒரு விசித்திரம். பிளவக்கல்காரியும் சூட்டில் சுருள ஆரம்பித்தாள். எத்தனை முறை செய்தாலும் இரண்டும் ஒரே மாதிரி. நான் அதை மாய்ந்து மாய்ந்து யோசித்து, காட்டில் வளர்ந்த ஒன்று ஆய்வகத்துச் சொகுசுக்குப் பழகி, தன் பலத்தையே மறந்துவிடுகிறது என்று ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். அதை வைத்தே ஒரு பெரிய அத்தியாயம் எழுதினேன். மதுரையில் இருந்த என் நெறியாளர் அதைப் படித்துவிட்டு, "இதுதான்ம்மா உங்க ஆய்வோட உயிர்" என்று தொலைபேசியில் பாராட்டினார். இரண்டு கருத்தரங்குகளில் அவரே அதைப் பேசியும் விட்டார்.

சரி, தட்டுக்கு வருகிறேன்.

மறுபடியும், மறுபடியும்

ஏதோ கைத்தவறு என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரே தட்டிலிருந்து இரண்டு துண்டையும் வெட்டியிருப்பேன். புதுத் துண்டுகள் வெட்டி, மூடியில் எழுதியதை இரண்டு முறை படித்துவிட்டு வைத்தேன். மறுநாள் கலந்திருந்தது. பிராக்டிகலுக்கு வந்த பிள்ளைகள் தட்டை மாற்றிவிட்டார்களோ என்று அவர்களைக் கூப்பிட்டுக் கத்தினேன். பாவம், அவர்கள் அந்த அலமாரிப் பக்கமே போனதில்லை. மறுபடி வைத்தேன். மறுபடி கலந்தது.

சோறு இறங்கவில்லை. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி போடுகிற பாக்டரியில் சூப்பர்வைசராக இருக்கும் என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"முன்னாடியும் மஞ்சளா இருந்துச்சு, இப்பவும் மஞ்சளாத்தான இருக்கு?" என்றார் அவர், அப்பளத்தை நொறுக்கியபடி. நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன்.

அடுத்த நாள்தான் அக்காவிடம் கேட்டேன். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. யாரிடமாவது புலம்ப வேண்டியிருந்தது. அவர் வாளியில் பெட்ரி தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இந்தத் தட்டுல இருக்கது எது?"

"பிளவக்கல்லு. மூடியிலதான் எழுதிருக்கே மேடம்."

"எழுதிருக்கது தெரியுது. உள்ள இருக்கது எது?"

"பிளவக்கல்லுதான்" என்று சிரித்தார். "ஒருக்க செத்துப் போச்சுல்ல, அதுக்குப் பொறவு வளந்தது."

என் காதில் விழுந்தது எனக்கே புரியவில்லை. "எது செத்துப் போச்சு?"

"நீங்க பேப்பர் திருத்தப் போயிருந்தீகள்ல மேடம், அந்தக் கோடையில. இங்க டிரான்ஸ்பார்மர் போயிருச்சுன்னு கரண்டே இல்ல. என்னா வெக்கை! இந்தப் பொட்டிக்குள்ள கைய வைக்க முடியல. தொறந்து பாத்தா பிளவக்கல்லு தட்டு அம்புட்டும் கறுத்து, பச்சப் பூசணம் புடிச்சு வீச்சம் அடிக்கி. கடைத் தட்டு மட்டும் கீழ் அடுக்குல சன்னல் ஓரமா வெளிய இருந்துச்சுல்ல, அது தப்பிச்சிருச்சு. நீங்க வந்து பாத்தா மனசு ஒடஞ்சிருவீகளேன்னு, அதுல ஒரு துண்டு எடுத்து எல்லாத் தட்டுலயும் வச்சு விட்டேன். நாலு நாள்ல ஜம்முனு வந்துருச்சு."

அவர் தட்டைக் கழுவிக்கொண்டேதான் இதையெல்லாம் சொன்னார். குரலில் ஒரு தயக்கம் இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"அக்கா, அது வேற, இது வேற."

"என்ன மேடம் வேற? வீட்டுல ஒறை மோரு கெட்டுப் போனா என்ன செய்வோம்? பக்கத்து வீட்டுல கொஞ்சூண்டு வாங்கி ஊத்துவோம். விடிஞ்சா அது நம்ம வீட்டுத் தயிரு. அதப் போயி யாராச்சும் பக்கத்து வீட்டுத் தயிருன்னு சொல்லுவாகளா?"

வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்த குழாயை மூடினேன்.

"ஏன் அக்கா எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கலையே மேடம்."

காட்டை யாரும் மறக்கவில்லை

யோசித்துப் பாருங்கள். நான் இரண்டு தட்டிலும் ஒரே ஜந்துவை வைத்துக்கொண்டு, இரண்டும் ஏன் ஒரே மாதிரி நடக்கின்றன என்று வருடக்கணக்கில் மண்டையை உடைத்திருக்கிறேன். அதற்கு ஒரு தத்துவம் வேறு. காட்டையும் மறக்கவில்லை, பலத்தையும் மறக்கவில்லை. செத்துப் போனது செத்தே போய்விட்டது. அதன் பெயரை எழுதிய மூடிக்கு அடியில் கடைச்சரக்கு சுகமாக ஓட்ஸ் தின்றுகொண்டிருந்தது.

கோபம் வந்ததா என்றால், வந்தது. அக்காவை அல்ல, அந்த வாளியை எட்டி உதைத்தேன். தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. அக்கா மிரண்டுபோய்ச் சுவரோடு ஒட்டி நின்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்து அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். முதல் வருடம் எடுத்த கலங்கல் படத்தைக் காட்டினேன். பிறகு அன்றைய தட்டைக் காட்டினேன். அதில் கோடு இருக்கிறது, இதில் இல்லை.

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"அப்ப இது மோரு இல்லியா மேடம்? ஆளா?"

"ஆமாக்கா."

"ஆத்தாடி. ஒரு ஆளு செத்ததுக்கு இன்னொரு ஆளக் கொண்டாந்து, அவ பேரச் சொல்லியா இம்புட்டு நாளும் சோறு போட்டேன்?"

அதைவிடச் சரியாக யாரும் அதைச் சொல்லிவிட முடியாது. எனக்கு வந்த அழுகையை அவர்தான் முதலில் அழுதார்.

காய்ந்த தாள்கள்

அழுது முடித்த பிறகுதான் தாள்கள் ஞாபகத்துக்கு வந்தன.

இந்த ஜந்துவை வருடம் முழுக்கத் தட்டில் வைத்துச் சோறு போட்டுக்கொண்டே இருக்க முடியாது. அதனால் சேமித்து வைக்க ஒரு வழி உண்டு. ஈரமான வடிதாளில் அதை ஊர விட்டு, இருட்டில் மெதுவாகக் காய விட வேண்டும். வேகமாகக் காய்ந்தால் செத்துவிடும். பொறுமையாகக் காய்ந்தால் தன்னையே இறுக்கி, ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொருக்காகத் தாளில் ஒட்டிக்கொண்டு தூங்கிவிடும். பார்த்தால் காய்ந்துபோன குழம்புக் கறை மாதிரிதான் இருக்கும். பல மாதம் கழித்துத் தண்ணீர் தெளித்தால் எழுந்துவிடும். வருடக்கணக்கில் கிடந்ததும் எழுந்தது உண்டு, எழாமலே போனதும் உண்டு.

அப்படி அவ்வப்போது காய வைத்த தாள்களைத் துண்டாக வெட்டி, வெண்ணெய்த் தாளில் மடித்து, மேலே வருடம் எழுதி, ஒரு பால்கோவா டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். பெரும்பாலும் அந்தக் கோடைக்குப் பிந்தியவை. முதல் வருடத் தாள் என்று பார்த்தால், டப்பாவின் அடியில் மூன்றே மூன்று துண்டு கிடந்தது.

இடுக்கியை அக்காவிடம் கொடுத்தேன். அவர் ஒரு துண்டை எடுத்து ஈர அகாரில் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். பக்கத்தில் ஒரே ஒரு ஓட்ஸ்.

மறுநாள் அதில் பச்சைப் பூசணம் வந்திருந்தது. தூக்கிப் போட்டோம்.

இரண்டாவது துண்டு ஊறியது, கரைந்தது, பழுப்பாகத் தண்ணீர் கசிந்தது. அதோடு சரி. மூன்று நாள் காத்திருந்தோம். நாற்றம்தான் வந்தது.

மூன்றாவதை எடுக்க இருவருக்கும் தைரியம் வரவில்லை. அது டப்பாவிலேயே இருந்தால் ஒருவேளை உயிரோடு இருக்கிறது என்றாவது நினைத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் அப்படியே ஓட்டினேன். கடைசியில் அக்காதான், "எத்தன நாளைக்கு மேடம் மூடி வச்சுப் பாத்துக்கிட்டு இருப்போம்?" என்று அகார் அவிக்கக் குக்கரை அடுப்பில் வைத்தார்.

வைத்த மறுநாள் ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாள் காலை நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கல்லூரி வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தார். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

தாளின் ஓரத்தில், ஊசி முனை அகலத்துக்கு, ஒரு மஞ்சள் விளிம்பு வெளியே எட்டிப் பார்த்தது.

அதற்குச் சோறு போட்டு, தேற்றி, ஒரு தட்டு நிறைகிற வரை நாங்கள் பட்ட பாட்டை எழுதினால் இந்த வாரம் போதாது. தேறியதும் கடைச்சரக்கோடு ஒரே தட்டில் வைத்தோம். அடுத்த நாள் துணியை விலக்கியபோது நடுவில், யாரோ விரலால் இழுத்துவிட்ட மாதிரி, சுத்தமான வெறும் கோடு. இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி.

"சண்ட போட்டுக்கிட்டாளுக" என்று அக்கா கைதட்டினார். நான் அதை நல்ல காமிராவில் படம் எடுத்தேன்.

தொலைபேசியில் ஒரு யோசனை

நடந்தது எல்லாவற்றையும் நெறியாளரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். செத்தது, மாற்றி வைத்தது, தாள் எழுந்தது, எல்லாம். கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"படம் தெளிவா வந்திருக்கா?" என்றார்.

"வந்திருக்கு சார்."

"ரெண்டும் வேறன்னு படத்துல தெரியுதுல்ல?"

"தெரியுது சார்."

"அப்புறம் என்னம்மா? பாக்கி இருந்தது அந்தப் படம்தானே. சேர்த்து அனுப்பிடுங்க. மத்ததை ஏன் கிளறணும்? யார் வந்து உங்க தட்டைத் திறந்து பார்க்கப் போறாங்க?"

வாளிப் பக்கம் உட்கார்ந்து அக்கா பேசிய அதே நிதானமான குரல். அக்காவுக்காவது தெரியாது. இவருக்கு எல்லாம் தெரியும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பொய் சொல்ல மாட்டேன். அந்த யோசனை எனக்கும் இனித்தது. ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேரும்வரை இனித்தது. கெடு முடிய இன்னும் சில நாள்தான். இத்தனை வருடம் விடுமுறை நாளில்கூட வீட்டில் இல்லாமல் ஓடியது அந்தப் பட்டத்துக்காகத்தான். அது வந்தால் சம்பளம் உயரும், வேலை நிலைக்கும். ஒரு படம் போதும்.

அப்புறம் ஒன்று தோன்றியது. எந்த ஊரிலோ எவளோ ஒருத்தி என் அத்தியாயத்தைப் படிப்பாள். காட்டு ஜந்து ஆய்வகத்தில் பலத்தை மறக்கும் என்பதை அவள் நம்புவாள். தன் தட்டில் அது நடக்கிறதா என்று வருடக்கணக்கில் தேடுவாள். நடக்காது. தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வாள். அந்தப் பெண்ணை நினைத்ததும் இனிப்பெல்லாம் போய்விட்டது.

ஆய்வேட்டைக் கொடுக்கப் போவதில்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன். நெறியாளர் அதன் பிறகு என்னிடம் பேசவில்லை. கெடு முடிந்தது, பதிவும் ரத்தானது. வீட்டுக்காரர் மட்டும் ராத்திரி சாப்பிடும்போது, "சரி விடு. உன் மஞ்சள்காரி பிழைச்சாள்ல" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அக்கா எடுத்த முடிவு

இத்தனை அதிர்ச்சிக்கும் மேலே ஒன்று பாக்கி இருந்தது.

பட்டம் இல்லை என்ற செய்தி கல்லூரி முழுக்கப் பரவிய அன்று, அக்கா கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

"நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா இந்நேரம் ஒங்களுக்குப் பட்டம் வந்திருக்கும். இல்லியா மேடம்?"

"வந்திருக்கும்."

"இனிமே நான் எதையும் சொல்ல மாட்டேன். நீங்க என்ன கேட்டாலும் எனக்குத் தெரியாதுதான். நம்மால ஒரு ஆளு குடி கெட்டது போதும்."

சொல்லிவிட்டுத் தட்டு கழுவப் போய்விட்டார்.

பட்டம் போனபோதுகூட நான் அவ்வளவு பதறவில்லை. எழுந்து பின்னாலேயே போனேன்.

"அக்கா, இங்க பாருங்க. நீங்க மாத்தி வச்சதாலதான் கெட்டுச்சு. சொன்னதால ஒன்னும் கெடல. சொன்னதாலதான் பிழைச்சுச்சு. செத்தா செத்துச்சுன்னு சொல்லுங்க. நான் அழுதா அழுதுட்டுப் போறேன். நீங்க சொல்லாட்டி இந்த ரூமுக்குள்ள இருக்கது எது எதுன்னு நான் எப்படி நம்புவேன்?"

"சரி மேடம்" என்றார், நிமிராமல். அந்தச் "சரி மேடம்" என்ன ரகம் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு பல வாரங்கள் அவர் என்னிடம் பேசியதெல்லாம் அந்த இரண்டு வார்த்தைதான். பிளவக்கல்காரி தட்டுத் தட்டாக நன்றாகப் பெருகினாள். நான் தினமும் போய்ப் பார்த்தேன், எல்லாம் நன்றாக இருந்தது. நன்றாக இருக்க இருக்க எனக்குப் பயம் கூடியது. நிஜமாகவே நன்றாக இருக்கிறதா, நான் வருத்தப்படக்கூடாது என்று நன்றாக இருக்கிறதா?

அப்படி இருக்கும்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். லீவு போட்டிருந்தேன். முதல் பந்தியில் உட்கார்ந்து, சாம்பார் முடிந்து ரசத்துக்கு வரும் நேரம், போன் அடித்தது. இடது கையால் எடுத்தேன்.

"மேடம், சாப்பிடுதீகளா?"

"பரவால்ல, சொல்லுங்கக்கா."

"ஒரு தட்டு செத்துருச்சு மேடம். பிளவக்கல்லு. ஓரத்துல இருந்து கறுத்துக்கிட்டே வந்து, இப்பப் பாத்தா முழுசும் போயிருச்சு. நான் தொடல. வேற எதையும் எடுத்து வைக்கல. செத்தது செத்தபடியே கெடக்கு. மத்த தட்டெல்லாம் நல்லாருக்கு. ஒங்ககிட்டச் சொல்லணும்னு..."

"நாளைக்கு வாரேன்க்கா" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

பக்கத்து இலைப் பெரியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாரும்மா போன்ல? மொகமெல்லாம் பூரிச்சுப் போயிருக்கு. நல்ல சேதியா?"

"ஆமா பெரியம்மா. ரொம்ப நல்ல சேதி. ஒன்னு செத்துப்போச்சாம்" என்றேன்.

ரசம் ஊற்றிக்கொண்டு வந்தவர் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார்.